எலும்பு முறிவும் உறைந்த இரத்தமும்



சென்ற அறுவடையின்போது வரப்பில் வழுக்கி விழுந்து கால் முறிந்த உழவர் ஒருவரை நாம் கண்டோம். வீக்கத்திலுள்ளது கெட்ட இரத்தம் என்றெண்ணி, அதைக் கலைக்க உறவினர் எண்ணெயிட்டு அழுத்தி உருவிவிட்டனர். அன்பினால் செய்த பிழைதான். ஆனால் முறிந்த முனைகள் விலகிவிட்டன.

முறிந்த இடத்தில் கசியும் இரத்தம் வீணன்று. அது உறையும்போது பைப்ரின் என்னும் நார்கள் வலையாகப் பின்னுகின்றன. புதிய உயிரணுக்கள் அவ்வலையைப் பற்றியே வளர்கின்றன. முதலில் குருத்தெலும்பும், வாரங்கள் செல்லச் செல்லக் கெட்டி எலும்பும் உண்டாகின்றன. பந்தலைப் பிய்த்தெறிந்தால் அவரைக்கொடி எங்கே படரும்?

இவ்வியல்பையே மருத்துவர்களும் பயன்படுத்துகின்றனர். நோயாளியின் இரத்தத்தையே எடுத்து, உறைவதைத் தடுக்கும் மருந்து சேர்க்காமல் இயந்திரத்திற் சுழற்றி, பைப்ரின் கட்டியாகத் திரட்டும் முறையை 2001-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மருத்துவர் ஷுக்ரூன் குழுவினர் வெளியிட்டனர். பல் மருத்துவர்கள் அதனைத் தாடையெலும்புக் குழிகளில் வைக்கின்றனர். எல்லா முறிவுக்கும் இது மருந்தென்று எவரேனும் கூறின், நம்ப வேண்டா.

நம் கையிலுள்ளது எளிய வேலை. முறிந்த இடத்தை உருவ வேண்டா. துணி சுற்றிய மூங்கிற் பட்டைகளை மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் தாண்டுமாறு வைத்து, இறுக்காமல் கட்டுக. விரல்கள் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ கட்டைத் தளர்த்துக. உடனே 108-ஐ அழைத்திடுக.

நாம் கண்ட அவ்வுழவர் இன்றும் கோலூன்றியே நடக்கிறார். இவ்வாண்டு அவர் வயலைத் தம்பியார் உழுதார்.