செய்தியும் நாமும்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





"ஜனநாயகத்தில் ஊடகங்களின் பங்கு" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கல்லூரிப் பேச்சுப் போட்டித் தலைப்பு மாதிரி இருக்கிறது. நான்காவது தூண் என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் பேசிவிட்டு உட்கார்ந்துவிடலாம். அதைவிட, நாம் எல்லோரும் அனுபவித்த ஒன்றை எடுத்துப் பேசுவது பலன் தரும் என்று நினைக்கிறேன்.

2020 மார்ச் மாதக் கடைசியை நினைத்துப் பாருங்கள். டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸில் தங்கியிருந்தவர்களிடம் கொரோனா தொற்று கண்டறியப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே போய் வந்திருந்தார்கள். அவர்கள் மூலம் தொற்று பரவியது உண்மை. அதைச் செய்தியாக வெளியிட்டது தவறே இல்லை. சொல்லப் போனால், அந்தச் செய்தியைப் பார்த்துத்தான் பலர் தாங்களாகவே பரிசோதனைக்குப் போனார்கள். பத்திரிகைகள் மறைத்திருந்தால்தான் நாம் குறை சொல்ல வேண்டும். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மில் சிலர் அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது எல்லாமே பொய் என்று ஒரே போடாகப் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் பேசினால் நாம் சொல்லும் உண்மையும் எடுபடாது.

தவறு அதற்கு அடுத்த நாட்களில் நடந்தது. நோய்க்கு ஒரு மதத்தைக் கொடுத்தார்கள். "கொரோனா ஜிஹாத்" என்ற சொல் சமூக வலைத்தளங்களில் பரவியது. சில தொலைக்காட்சிகள் அதே தொனியில் மணிக்கணக்கில் விவாதம் நடத்தின. கூடவே வீடியோக்கள். போலீஸ்காரர் மீது ஒருவர் துப்பும் வீடியோ நினைவிருக்கும். அது மர்கஸுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விசாரணைக் கைதி, ஊரடங்குக்கு முன்பே மும்பைப் பக்கம் நடந்த சம்பவம். இன்னொன்று, சிலர் தட்டை வழித்துச் சாப்பிடும் வீடியோ. கிருமியைப் பரப்புகிறார்கள் என்று போட்டார்கள். உணவை வீணாக்காமல் தட்டை வழித்து உண்பது சுன்னத் என்று நம் வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். அது போரா சமூகத்தாரின் பழைய வீடியோ. இவற்றைத் தோண்டி எடுத்து உண்மையை வெளியிட்டவர்களும் பத்திரிகையாளர்கள்தான். பிரதிக் சின்ஹாவும் முஹம்மது ஜுபைரும் 2017-இல் தொடங்கிய ஆல்ட் நியூஸ் இந்த வேலையைச் செய்தது. ஆகவே "மீடியாவே நமக்கு எதிரி" என்று பொத்தாம் பொதுவாகப் பேசாதீர்கள்.

நம் மாநிலத்தில் ஒன்று நடந்தது, அதைப் பலர் கவனிக்கவில்லை. ஆரம்பத்தில் தினசரி அறிவிப்பில் "டெல்லி மாநாடு" என்று தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அதுவே தலைப்பு. ஏப்ரல் முதல் வாரத்திலேயே அதை மாற்றி, ஒரே இடத்திலிருந்து வந்த தொற்று என்று பொதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு சொல்தான் மாறியது. ஆனால் தெருவில் நம்மைப் பார்த்து நகர்ந்து போனவர்களின் பார்வையில் அந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு கனம் இருந்தது என்பது அன்று கடை வைத்திருந்தவர்களுக்குத் தெரியும்.

பிறகு நீதிமன்றங்கள் என்ன சொல்லின? 2020 ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, 29 வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அச்சு ஊடகமும் மின்னணு ஊடகமும் அவர்களுக்கு எதிராகப் பெரும் பிரச்சாரம் நடத்தியதையும், அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதையும் அந்தத் தீர்ப்பு வெளிப்படையாகப் பேசியது. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி நீதிமன்றம் 36 வெளிநாட்டவரை விடுதலை செய்தது. இந்தியர் 70 பேர் மீதான 16 வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது எப்போது தெரியுமா? 2025 ஜூலை 17. ஐந்து ஆண்டுகளுக்கும் மேல்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது மதீனாவில் அவதூறு பரவியபோது, உண்மை தெளிவாக ஒரு மாத காலம் ஆனது என்று ஓதியிருக்கிறோம். அந்த ஒரு மாதம் அந்தக் குடும்பம் பட்ட பாட்டை ஹஜ்ரத் பயானில் சொல்லும்போது நமக்குக் கண் கலங்குகிறது. இங்கே ஐந்து வருடம். குற்றம் சாட்டியபோது முதல் பக்கம். ரத்தானபோது எத்தனை பேர் வீட்டுத் தொலைக்காட்சியில் அது வந்தது? இந்தக் கூட்டத்திலேயே இப்போதுதான் கேள்விப்படுகிறவர்கள் இருப்பீர்கள். பொதுக்கருத்து முதல் வாரத்தில் உருவாகிவிடுகிறது, தீர்ப்பு வந்து அதைக் கலைப்பதில்லை. ஜனநாயகத்தில் ஊடகத்தின் பலம் என்பது இதுதான். ஓட்டுப் போடுகிறவர், வாடகைக்கு வீடு கொடுக்கிறவர், வேலைக்கு ஆள் எடுக்கிறவர் எல்லோரும் அந்த முதல் வாரத்தில் பார்த்ததை வைத்துத்தான் நம்மை எடைபோடுகிறார்கள்.

அப்படியானால் அந்த முதல் வாரத்தில் நாம் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? உண்டு. பெங்களூரில் வெறுப்புப் பேச்சுக்கு எதிராக இயங்கும் ஒரு குடிமக்கள் குழு, மர்கஸ் விஷயத்தில் சில சேனல்கள் ஒளிபரப்பியதைக் குறித்து எழுத்துமூலம் புகார் கொடுத்தது. தொலைக்காட்சி நிறுவனங்களே ஏற்படுத்திய ஒழுங்குமுறை ஆணையம் விசாரித்து, 2021 ஜூனில் நியூஸ்18 கன்னடாவுக்கு 1 லட்சம் ரூபாயும், சுவர்ணா நியூஸுக்கு 50 ஆயிரம் ரூபாயும் அபராதம் விதித்தது. டைம்ஸ் நவ் சேனலுக்குக் கண்டனம். அந்த நிறுவனங்களுக்கு 1 லட்சம் ஒரு தொகையா என்று கேட்பீர்கள். தொகை இல்லைதான். ஆனால் இப்படி ஒளிபரப்பியது தவறு என்று அவர்கள் துறையைச் சேர்ந்த அமைப்பே எழுதிக் கொடுத்திருக்கிறது. நாம் டீக்கடையில் ஆயிரம் முறை சொன்னாலும் அந்த ஒரு தாளுக்கு ஈடாகாது.

வழிமுறை கஷ்டமில்லை. தொலைக்காட்சி என்றால் முதலில் அந்தச் சேனலுக்கே புகார் எழுத வேண்டும். சரியான பதில் இல்லையென்றால் மேலே போகலாம். இதற்குக் கெடு நாட்கணக்கில்தான், மாதக்கணக்கில் இல்லை. கோபம் ஆறட்டும், பெருநாள் முடியட்டும் என்று இருந்தால் காலம் கடந்துவிடும். பத்திரிகை என்றால் முதலில் ஆசிரியருக்கு எழுதி, பிறகு இந்தியப் பத்திரிகை கவுன்சிலுக்கு அனுப்பலாம். நாளிதழ், வார இதழ்களுக்கு இரண்டு மாதம் வரை அவகாசம் உண்டு. கவுன்சில் அபராதம் போட முடியாது, கண்டிக்கத்தான் முடியும். இரண்டிலுமே எந்த நிகழ்ச்சி, என்ன தேதி, எத்தனை மணி, சொன்ன வார்த்தை என்ன என்பதுதான் புகாருக்கு உயிர். "எங்கள் மனம் புண்பட்டது" என்று நான்கு பக்கம் எழுதுவதைவிட, சொன்னது பொய் என்பதற்கு ஒரு சான்றை இணைப்பது மேல்.

நம் கைப்பேசியைப் பற்றியும் பேசாமல் விட முடியாது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன சென்னைக் குடும்பத்து மூதாட்டி ஒருவர், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று ஊரார் அடித்தே கொன்றார்கள். அதற்கு முன்பே பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றிக்கொண்டிருந்தது. எந்தப் பத்திரிகையும் எந்தச் சேனலும் அதைப் பரப்பவில்லை, உங்களையும் என்னையும் போன்றவர்கள் பரப்பினார்கள். வந்த செய்தியை விசாரித்துத் தெளிவு பெறும்படி சூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. நம் குழுக்களில் ஸலாம் சொல்லி ஆரம்பித்து, "அவசியம் பகிரவும்" என்று முடித்தால் போதும், யாரும் விசாரிப்பதில்லை. மார்க்கச் செய்தி மாதிரி இருந்தால் இன்னும் வேகம். நம்மைப் பற்றிய பொய்யை விசாரிக்கச் சொல்லி அடுத்தவரிடம் கேட்கும் நாம், அடுத்தவரைப் பற்றி வருவதையும் விசாரித்தாக வேண்டும்.

நமக்கென்று ஒரு சேனல் வேண்டும் என்று இளைஞர்கள் அடிக்கடி சொல்கிறீர்கள். மௌலானா அபுல் கலாம் ஆஸாத் 1912-லேயே கல்கத்தாவில் அல்ஹிலால் நடத்தினார்கள், அது பெருமைக்குரியது. ஆனால் நமக்கென்று நடத்துவதை நாம்தான் பார்ப்போம். பக்கத்து வீட்டு அண்ணாச்சி பார்க்கிற சேனலின் செய்தி அறையில் நம் பிள்ளை ஒருவர் உட்கார்ந்து, "சார், இந்த வீடியோ பழசு" என்று சொன்னால் அது அன்றைக்கே நின்றுவிடும். நம் கல்வி உதவிக்கு வரும் விண்ணப்பங்களில் பொறியியல், மருத்துவம், பி.காம். இருக்கின்றன. இதழியல் என்று ஒன்றுகூட வந்ததில்லை. பெற்றோர்கள் யோசியுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். வரும் கல்வியாண்டில் இதழியல் படிக்க ஒருவர் முன்வந்தால், அந்த விண்ணப்பத்தை முதலில் எடுத்துக்கொள்வது என்று நிர்வாகக் குழுவில் பேசி முடிவு செய்திருக்கிறோம்.

இன்னொரு ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பிறகு அலுவலகத்தில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் வழக்கறிஞர், ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். புகார் எழுத உதவி தேவைப்படுகிறவர்கள் வரலாம். வரும்போது பத்திரிகை என்றால் கிழித்த துண்டாக இல்லாமல் தேதி தெரியும்படி முழுத் தாளாகக் கொண்டு வாருங்கள். தொலைக்காட்சி என்றால் சேனல் பெயர், தேதி, நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு வாருங்கள், பதிவு செய்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.