நோய் நீங்கிய பின்னும் நீங்காத சோதனை

(வெளிநாடு செல்வோருக்காக நம் ஜமாஅத் ஏற்பாடு செய்த வழிகாட்டிக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



 

கொரோனாவைப் பற்றி இன்று பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். உலக சுகாதார நிறுவனம் 2020 ஜனவரி 30 அன்று அறிவித்த சர்வதேச அவசர நிலையை 2023 மே 5 அன்று முடித்துக்கொண்டது. நம் நாட்டுக்குள் வருவோர் நிரப்ப வேண்டியிருந்த ‘ஏர் சுவிதா’ படிவமும் 2022 நவம்பர் 22 முதல் நீக்கப்பட்டுவிட்டது. ஆயினும் அக்காலத்தில் நம் மஹல்லாவில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நிர்வாகக் குழுவினராகிய நாங்கள் உங்கள்முன் வைக்கக் கடமைப்பட்டுள்ளோம். அதில் எங்களுடைய தவறும் அடங்கியிருக்கிறது.

2022 ஜனவரி மாதம். ஒமைக்ரான் அலை சென்னையைச் சூழ்ந்திருந்த நேரம். இரவு ஊரடங்கு, ஞாயிறுதோறும் முழு ஊரடங்கு. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாட்களும் வழிபாட்டுத் தலங்களில் பொதுமக்களுக்கு அனுமதியில்லை. ஜும்ஆ நாளில் பள்ளிவாசல் கதவு சாத்தியிருக்க, கச்சேரி சாலையில் நின்று அதைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களில் நாங்களும் இருந்தோம்.

அப்போது, துபாயில் பணிபுரியும் நம் சகோதரர் ஒருவர், மகளின் நிகாஹுக்காக விடுப்பில் வந்திருந்தார். ஜனவரி 22-க்குள் பணிக்குத் திரும்ப வேண்டும். ஜனவரி 8 அன்று அவருக்குக் காய்ச்சல் கண்டது, பரிசோதனையில் பாசிட்டிவ். வீட்டிலேயே தனித்திருந்தார். அல்ஹம்துலில்லாஹ், நான்கே நாட்களில் காய்ச்சல் தணிந்தது.

மத்திய சுகாதார அமைச்சகம் 2022 ஜனவரி 5 அன்று வெளியிட்ட நெறிமுறைப்படி, இலேசான நோயாளி பாசிட்டிவ் வந்ததிலிருந்து 7 நாட்கள் கடந்து, தொடர்ந்து 3 நாட்கள் காய்ச்சலும் இல்லாதிருந்தால் தனிமையை முடித்துக்கொள்ளலாம், மறுபரிசோதனை தேவையில்லை. இதைப் படித்த நாங்கள், “ஏழு நாள் முடிந்துவிட்டதே, இனி என்ன தடை? டிக்கெட் எடுத்துவிடுங்கள்” என்று அவருக்கு ஆலோசனை கூறினோம். அவரும் ஜனவரி 20-க்கு டிக்கெட் எடுத்தார்.

அங்கேதான் நாங்கள் தவறினோம். வீட்டை விட்டு வெளியே வருவதற்குத் தேவைப்படாத பரிசோதனை, நாட்டை விட்டு வெளியே செல்வதற்குத் தேவைப்பட்டது. இந்தியாவிலிருந்து துபாய் செல்வோர் அப்போது 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். நெகட்டிவ் சான்றை, கியூ.ஆர். குறியீட்டுடன் காட்ட வேண்டியிருந்தது. அது போதாதென்று, புறப்படுவதற்கு முந்தைய 6 மணி நேரத்துக்குள் விமான நிலையத்திலேயே விரைவுப் பி.சி.ஆர். சோதனையும் செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஜனவரி 19 அன்று அவருக்கு நெகட்டிவ் வந்தது. மனைவி மக்களிடம் விடைபெற்று விமான நிலையம் சென்றார். அங்கே எடுத்த சோதனையில் பாசிட்டிவ்! பெட்டிகளை இழுத்துக்கொண்டு நள்ளிரவில் வீடு திரும்பினார். டிக்கெட் பணம் போயிற்று. வேலையும் போய்விடுமோ என்னும் கலக்கம் குடும்பத்தையே ஆட்டிவிட்டது.

நேற்று இல்லாத நோய் இன்று எப்படி வந்தது? சகோதரர்களே, நோய் வரவில்லை; நோயின் எச்சம்தான் அகப்பட்டது. ஆர்.டி.பி.சி.ஆர். என்பது கிருமி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அன்று. கிருமியின் மரபுப்பொருள் துளியேனும் இருக்கிறதா என்று பார்ப்பது. அத்துளியை ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ இரட்டிப்பாக்கிக்கொண்டே போவார்கள். 35 சுற்றுகள் என்றால் கணக்குப்படி சுமார் 3,400 கோடி மடங்கு. ஆகவே இறந்த கிருமியின் சிதறல்கூடப் பல வாரங்கள் வரை, சிலருக்கு மூன்று மாதங்கள் வரையும், பாசிட்டிவ் காட்டக்கூடும். குடியிருந்தவர் காலி செய்து போன பிறகும் வாசலில் அவருடைய பெயர்ப்பலகை தொங்குவதில்லையா? தபால்காரர் அதைப் பார்த்து, ஆள் உள்ளே இருப்பதாகவே எண்ணுவார். எச்சம் குறைந்துகொண்டே வந்து எல்லைக்கோட்டில் நிற்கும்போது, ஒருநாள் நெகட்டிவும் மறுநாள் பாசிட்டிவும் வருவது இயல்பே.

இது தென்கொரியாவில் ஆராயப்பட்டது. குணமடைந்து மீண்டும் பாசிட்டிவ் வந்த 285 பேரையும் அவர்களோடு தொடர்பிலிருந்த 790 பேரையும் விசாரித்து, 2020 மே மாதம் அறிக்கை வெளியிட்டார்கள். மீண்டும் பாசிட்டிவ் வந்தவர்களால் எவருக்கும் நோய் தொற்றியதாகத் தெரியவில்லை. 108 பேரின் மாதிரிகளில் கிருமியை வளர்த்துப் பார்த்தும் உயிருள்ள கிருமி கிட்டவில்லை. நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், ஒருமுறை பாசிட்டிவ் வந்தவருக்கு மீண்டும் ஆர்.டி.பி.சி.ஆர். செய்ய வேண்டாமென்று 2021 மே 4 அன்று அறிவுறுத்தியது.

இதை உணர்ந்த நாடுகள் மாற்று வழி வைத்திருந்தன. அமெரிக்கா 2021 ஜனவரி 26 முதல் 2022 ஜூன் 12 வரை விமானப் பயணிகளிடம் நெகட்டிவ் சான்று கேட்டது. ஆனால் 90 நாட்களுக்குள் நோயுற்று மீண்டவர், தம் பாசிட்டிவ் அறிக்கையையும், பயணம் செய்யலாம் என்னும் மருத்துவர் கடிதத்தையும் காட்டினாலே போதுமானதாக இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் ‘மீண்டவர் சான்று’ வழங்கப்பட்டது. பாசிட்டிவ் வந்த 11-ஆம் நாளிலிருந்து 180-ஆம் நாள் வரை அது செல்லுபடியானது. நம் சகோதரர் சென்ற வழியிலோ நெகட்டிவ் ஒன்றே ஏற்கப்பட்டது. ஆக, ஒரே உடல் ஒரு நாட்டின் வாசலில் குணமடைந்த உடல்; இன்னொரு நாட்டின் வாசலில் நோயுற்ற உடல். வாசலின் சட்டத்தை அறியாமல் டிக்கெட் எடுக்கச் சொன்னது எங்கள் பிழை.

இனி, அதைவிடக் கடினமான பகுதிக்கு வருகிறோம். மறுநாள் மாலை அச்சகோதரர் ஜமாஅத் அலுவலகத்திற்கு வந்தார். “பாய், கியூ.ஆர். குறியீட்டோடு நெகட்டிவ் தாள் போட்டுத் தருகிறேன், விமான நிலையத்திலும் சரிக்கட்டி விடுகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். எனக்கோ நோயில்லை, மருத்துவரே சொல்லிவிட்டார். இல்லாத நோயை இல்லை என்று காட்டுவதில் பொய் என்ன இருக்கிறது? நீங்கள் சரி என்றால் செய்கிறேன்” என்றார்.

அன்பர்களே, அக்கேள்விக்கு எங்களால் உடனே விடை சொல்ல முடியவில்லை. எங்களுள் ஒருவர், “குடும்பம் பட்டினி கிடப்பதைவிட இது மேல்” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, இரக்கத்தில் சொன்னார். நெடுநேரம் ஆலோசித்தோம். முடிவில் எங்களுக்குத் தெளிவானது இதுதான்: அந்தத் தாள் ‘இவருக்கு நோயில்லை’ என்று சொல்வதில்லை. ‘இந்த நாளில், இந்த நேரத்தில் இவருக்குச் சோதனை செய்தோம், இந்த முடிவு வந்தது’ என்றுதான் சொல்கிறது. நடக்காத சோதனையை நடந்ததாகச் சொல்வது பொய்சாட்சியே. மேலும் இன்று நோயற்றவர் வாங்கும் அதே கள்ளத்தாளை நாளை நோயுள்ளவரும் வாங்குவார். அவருக்குப் பக்கத்து இருக்கையில் நம் வீட்டுத் தாயார் அமர்ந்திருக்கலாம். பிடிபட்டால் அவருடைய வேலையோடு போகாது. நம் ஊர்க்காரர் ஒவ்வொருவரின் தாளையும் அங்கே சந்தேகத்தோடுதான் புரட்டுவார்கள்.

“வேண்டாம்” என்றோம். ஆனால் வேண்டாம் என்று சொல்வதோடு ஒரு ஜமாஅத்தின் கடமை முடிந்துவிடுமா? ஜனவரி 8, 19, 20 ஆகிய மூன்று நாட்களின் அறிக்கைகளையும் மருத்துவரின் கடிதத்தையும் சேர்த்து, நிலைமையை விளக்கி நிறுவனத்திற்கு மின்னஞ்சல் அனுப்ப உதவினோம். பிப்ரவரி 10 வரை விடுப்பு நீட்டித்துப் பதில் வந்தது. புதிய டிக்கெட்டுக்குப் பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் வழங்கினோம். பிப்ரவரி 6 அன்று இரு சோதனைகளிலும் நெகட்டிவ் பெற்று அவர் புறப்பட்டார். கடனையும் தவணை தவறாமல் அடைத்துவிட்டார். அவர் சென்ற அதே மாதத்தில் அந்த விமான நிலைய விரைவுச் சோதனையைத் துபாய் கைவிட்டது என்பதும் குறிப்பிடத்தக்கது. விதி இவ்வளவு விரைவில் மாறக்கூடியது.

அவ்வாண்டு ஹஜ்ஜுக்குச் சென்றோருக்கும் இந்தக் கவலை இருந்தது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகள் இந்தியாவிலிருந்து ஹாஜிகள் செல்ல இயலவில்லை. 2022-இல் சவூதி அரசு 10 இலட்சம் பேரை அனுமதித்தது; இந்தியாவுக்கு 79,237 இடங்கள். 65 வயதுக்கு உட்பட்டிருத்தல், தடுப்பூசி, புறப்படுவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் எடுத்த பி.சி.ஆர். நெகட்டிவ் ஆகியவை நிபந்தனைகள். அவ்வாண்டு சென்னை புறப்பாட்டுத் தலமாக இல்லாததால் தமிழக ஹாஜிகள் கொச்சி சென்று விமானம் ஏறினார்கள். எத்தனையோ ஆண்டுகள் சேமித்தவர்கள், புறப்படும் மாதத்தில் ஒரு தும்மல் வந்தாலும் நடுங்கியதை நாங்கள் கண்டோம்.

இத்தகைய தடைகள் நமக்குப் புதியன அல்ல. கப்பலில் ஹஜ் சென்ற நம் முன்னோர், ஜித்தாவை அடையும் முன் செங்கடலின் கமரான் தீவில் இறக்கப்பட்டு, நோய்த்தடுப்புக் காவலில் தங்கிச் சென்றார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளரை மண்டபம் முகாமில் நிறுத்தி வைத்த பிறகே கடல் கடக்க விட்டார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்களும் ஷாமில் கொள்ளைநோய் என்று கேள்வியுற்று, பாதி வழியில் திரும்பினார்கள். பயணத்திற்குச் சக்தி பெற்றிருத்தல் என்பதில் உடல்நலமும் வழியின் பாதுகாப்பும் அடங்கும். தடுக்கப்பட்டவர் குற்றவாளி அல்லர். காத்திருப்பதும் பயணத்தின் ஒரு பகுதியே.

ஆகவே, வெளிநாடு செல்லும் சகோதரர்களுக்கு எங்கள் வேண்டுகோள்கள் சில:

முதலாவது, எந்தத் தொற்றுநோய் வந்தாலும் அது கண்ட நாளைக் குறித்து வையுங்கள், அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். ‘வியாதி போயிற்று, தாள் எதற்கு?’ என்று எறிந்துவிடாதீர்கள்.

இரண்டாவது, குணமடைந்ததும் பயணத்திற்கு உடற்தகுதி உண்டு என்று மருத்துவரிடம் தேதியுடன் கடிதம் பெறுங்கள்.

மூன்றாவது, செல்லும் நாடு, வழியில் இறங்கும் நாடு, விமான நிறுவனம் ஆகிய மூன்றின் விதிகளையும் டிக்கெட் எடுக்கும் முன்பும், புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்பும் பாருங்கள். தேதி மாற்றத்தக்க டிக்கெட்டாக எடுங்கள்.

நான்காவது, தடுப்பூசிகளை நாள் கணக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஹஜ், உம்ரா செல்வோருக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசியும், ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகள் பலவற்றுக்குச் செல்வோருக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியும் குறைந்தது 10 நாட்களுக்கு முன்பே போடப்பட்டிருக்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் ஊசி நம் கிண்டி கிங் நிலையத்திலேயே கிடைக்கிறது. 2016 ஜூலை முதல் அச்சான்று வாழ்நாள் முழுமைக்கும் செல்லும்.

ஐந்தாவது, நோய் இருக்குமானால் செல்லாதீர்கள். நோய் இல்லாமலே தடுக்கப்பட்டால் கள்ளத்தாளைத் தேடி ஓடாதீர்கள். ஜமாஅத் அலுவலகத்திற்கு வாருங்கள். கடிதம் எழுதவும், கடனுதவி செய்யவும், உங்களோடு அமர்ந்து விதியைப் படிக்கவும் இன்ஷா அல்லாஹ் நாங்கள் இருக்கிறோம். இம்முறை படித்த பிறகே ஆலோசனை சொல்வோம் என்றும் உறுதி கூறுகிறோம்.

நம் அனைவருடைய பயணங்களையும் வல்ல இறைவன் நலமாக்கி வைப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.