அடிபட்ட பிள்ளைக்கு மறுபடியும் அடி ஏன்?

(கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ் என்றே பேசிப் பழகிய மேடையில் இன்று வேறு பேச்சு. சிலருக்குக் கசக்கும், பொறுத்துக் கேட்க வேண்டுகிறோம்.

சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளான பெண், வளர்ந்த பிறகும் வேறொருவன் கையில் அகப்படுகிறாள். நம் லயத்துப் பேச்சு என்ன? "அவள் ராசி அப்படி" என்பர். இல்லையேல் "நடத்தை சரியில்லை" என்பர். இரண்டும் பொய். 2019-இல் 80 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், இளமையில் இக்கொடுமைக்கு ஆளானோரில் ஏறக்குறையப் பாதிப் பேர் பின்னாளிலும் ஆளானதாகத் தெரிந்தது. இத்தனை பேருக்குமா ராசி கெட்டது? ஆண்பிள்ளைகளும் இதற்குத் தப்பியவர்கள் அல்லர்.

காரணம் நமக்கு விளங்காததா? பால் கொட்டகையில் ஒருவன் நிறுவையில் ஏய்க்கிறான். முறையிட்டும் கேட்பாரில்லை. அடுத்து வருபவன் யாரை ஏய்ப்பான்? கேட்க நாதியில்லாத அதே ஆளைத்தான்! பிள்ளை விஷயமும் அப்படியே. விடியுமுன் பெற்றோர் பெரட்டுக்குப் போன வீட்டில், தெரிந்தவனே கை வைக்கிறான். பயத்தில் பிள்ளை மரத்துப் போகிறது. தாயிடம் சொன்னால், "வெளியே சொல்லாதே, மானம் போகும்" என்று வாய் பொத்தப்படுகிறது. சொல்லிப் பயனில்லை என்பது அன்றே மனதில் பதிந்துவிடுகிறது. பின்பு வீட்டைவிட்டு ஓட வழி தேடி, முதலில் கை நீட்டியவனையே நம்பிப் போகிறாள். அவனும் அடித்தால் எங்கே திரும்புவாள்? ஆபத்தில் மரத்து நிற்பதைச் சம்மதம் என்று சொல்கிறவனும் உண்டு, வெட்கங்கெட்டவன்!

ஆகவே முதன்முதல் சொல்லும்போது நம்பிக் கேட்பதே பெரிய காவல்.

சட்டமும் இருக்கிறது. 2017-இல் வந்த சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி, குற்றம் தெரிந்தும் தகவல் தராதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம். குடும்ப மானம் என்று மூடி மறைப்போர் இதைக் காதில் போட்டுக்கொள்ளட்டும். கிராணிகளாகிய நாம் நிர்வாகத்துக்கு எத்தனை மனு எழுதியிருக்கிறோம்! போலீஸ் புகார் எழுத மட்டும் கை ஏன் நடுங்க வேண்டும்? அடிபட்ட பெண்களுக்கென்று பெட்டாலிங் ஜெயாவில் 1982-லேயே புகலிடம் திறந்தது மகளிர் உதவி அமைப்பு. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் மருத்துவமும் போலீஸ் உதவியும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. 15999 என்ற எண்ணில் இரவு பகல் பேசலாம்.

கூட்டம் முடிந்ததும் மாதர் பகுதித் தோழியர் இருவர் பின்வாசலில் இருப்பார்கள். பெயர் கேட்கமாட்டார்கள். போலீஸ் நிலையத்துக்குத் துணை வேண்டுமென்றால் உடன் வருவார்கள்.