தொட்டிக்குள் ஒரு சவுக்கு



ஊசியிலை மரம் என்றாலே என்றும் பச்சையாக நிற்கும் என்றுதான் நினைக்கிறோம். லார்ச், டான் ரெட்வுட் போன்ற சில மரங்கள் அப்படியல்ல. குளிர் வருமுன் பொன்னிறமாகி, மொத்த இலையையும் கொட்டிவிட்டு, வசந்தத்தில் புதிதாய்த் துளிர்க்கும். டான் ரெட்வுட் பேரினத்துக்கு 1941இல் புதைபடிவத்தை வைத்துத்தான் பெயர் சூட்டினார்கள். அது சீனாவில் உயிரோடு நிற்பது பிறகே உலகுக்குத் தெரிந்தது. லார்ச்சைத் தொட்டியில் குட்டையாக வளர்ப்பது ஜப்பானில் தேர்ந்த கலை.

அந்தக் கன்றை இங்கே வரவழைக்கலாமா? வேண்டாம் என்பேன். கடுங்குளிரில் உறங்கி எழுந்தால்தான் லார்ச் ஒழுங்காகத் துளிர்க்கும். நம் புதுச்சேரிக் கரையில் மார்கழிப் பனியிலும் வெப்பம் 20 பாகையை ஒட்டித்தான் இருக்கும்.

வீராம்பட்டினத்து மணலுக்கு ஏற்றது சவுக்கு. அந்தமான் முதல் ஆஸ்திரேலியா வரை கடற்கரைதான் அதன் பிறப்பிடம், உப்புக்காற்றுக்கு அஞ்சாது. பார்வைக்கு ஊசியிலை மரம், உண்மையில் பூக்கும் இனம். ஊசி போலத் தொங்குவது இலையல்ல, மெல்லிய கிளை. ஒன்றைக் கணுவில் பிடித்து இழுத்தால் கழன்று வரும். அந்தக் கணுவைச் சுற்றி ஏழெட்டு நுண்ணிய பற்கள் இருக்கும், அவைதான் இலை. லார்ச் போல ஒரே பருவத்தில் மொட்டையாகாது. ஆண்டு முழுக்கச் சருகு உதிர்த்துக்கொண்டே இருக்கும்.

தொட்டிச் சவுக்கின் அழகு அடிமரத்தில்தான். சீக்கிரம் பருக்கும், பட்டை வெடித்து முதுமை காட்டும். குறையும் உண்டு. அந்த ஊசிகள் அவ்வளவாகச் சிறுக்காது. ஒரு சாண் உயரத்தில் வளர்த்தால் எண்ணெய் காணாத தலைமுடி மாதிரி இருக்கும். இரண்டடி உயரமாவது விடுங்கள், வடிவம் வரும்.

நுனியைக் கத்தரிக்காமல் விரலால் கிள்ளுங்கள். பச்சையே இல்லாமல் ஒரு கிளையை மொட்டையடித்தால் அது பட்டுப்போகலாம். நல்ல வெயில் வேண்டும். தொட்டி காயவே கூடாது. தோப்பில் வறட்சி தாங்கும் மரம்தானே என்று ஏமாறாதீர்கள், அங்கே வேர் ஆழத்தில் நீர் தேடும், தொட்டியில் அதற்கு வழியில்லை. தொட்டி மாற்றும்போது பழைய மண்ணில் ஒரு பிடி சேருங்கள். காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர் சவுக்கின் வேர் முடிச்சுகளில் வாழ்கிறது, பழைய மண்ணோடு அதுவும் கூட வரும்.

வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் கோயில் ஆடித் தேர் முடிந்து ஆவணி மழை தொடங்கும்போது, நாற்றங்காலில் ஒரு சவுக்கங்கன்று வாங்கி வையுங்கள். உயரமானதைத் தேடாதீர்கள், அடி பருத்ததாகப் பார்த்து எடுங்கள்.