ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

தொப்பூர்க் கணவாயில் சரக்கு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது, முன்னே போகும் வண்டியின் நம்பரை வகுத்துப் பார்ப்பது என் வழக்கம். 1729 கண்ணில் பட்டால் யாருக்கும் ராமானுஜன் நினைவு வந்துவிடும். அந்த எண்ணைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. எனக்கு அதைவிடப் பிரியமான எண் ஒன்று இருக்கிறது: 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800.

தொப்பூரிலிருந்து சேலம் தாண்டிப் போனால் ஈரோடு. 1887-இல் ராமானுஜன் பிறந்த ஊர். 1915-இல் லண்டன் கணிதக் கழக வெளியீட்டில் வந்த அவருடைய நீண்ட கட்டுரையில், ஒரு பட்டியலின் கடைசியில் இந்த எண் நிற்கிறது.

என்ன பட்டியல்? பத்து மாம்பழம் இருந்தால் இரண்டு பேருக்கோ ஐந்து பேருக்கோ பங்கு போடலாம். மூன்று பேர் வந்தால் கத்தியைத் தேட வேண்டும். பன்னிரண்டு இருந்தால் இரண்டு, மூன்று, நான்கு, ஆறு பேருக்கு முழுப் பழமாகவே கொடுக்கலாம். ஒன்றையும் பன்னிரண்டையும் சேர்த்து 12-க்கு ஆறு வகுத்திகள். அதற்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் அத்தனை வகுத்திகள் இல்லை. தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும் இப்படி மிஞ்சுகிற எண்களைத்தான் ராமானுஜன் தேடினார். 24, 36, 48, 60 எல்லாம் அந்த வரிசையில் வருபவை. நாளை 60 நாழிகையாகப் பிரித்ததும், 12 மரக்காலை ஒரு கலமாக அளந்ததும் நம் ஊர்க் கணக்கு.

அந்தப் பெரிய எண்ணைப் பிரித்துப் பாருங்கள். ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7. பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று. இவற்றைப் பெருக்கினால் அதுதான். இடையில் ஒரு பகா எண்ணும் விடுபடவில்லை. விடுபடவும் முடியாது. 23-ஐ எடுத்துவிட்டு 29-ஐப் போட்டால் வகுத்திகளின் எண்ணிக்கை மாறாது, எண் மட்டும் வீணாகப் பெரிதாகும். மொத்தம் 10,080 வகுத்திகள். 1 முதல் 28 வரை எதனாலும் மீதியில்லாமல் வகுபடும். 29-இல்தான் முதன்முதலாக மீதி வரும்.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட எண்களை இப்படி வரிசைப்படுத்திய அந்த மனிதர் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்: 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. இதற்கு 5,040 வகுத்திகள். இதை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண்ணே வந்துவிடுகிறது! இதன் ஒவ்வொரு வகுத்தியையும் அப்படியே வைக்கலாம், 23-ஆல் பெருக்கியும் வைக்கலாம். அதனால்தான் 5,040 இரட்டித்து 10,080 ஆகிறது.

இந்த ஆய்வுக்காகவே 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது. கழகத்திடம் பணம் இல்லாததால் அச்சேறாமல் நின்ற மீதிப் பகுதி, 1997-இல்தான் பிரான்சின் நிக்கோலா, ரோபின் இருவரின் குறிப்புகளோடு வெளிவந்தது. கேட்டுக்கொண்டிருக்கும் பள்ளிப் பிள்ளைகளே, நோட்டை எடுங்கள். விடுபட்ட எண்ணை இன்னொரு முறை மெதுவாகச் சொல்கிறேன், 23-ஆல் நீங்களே பெருக்கிப் பாருங்கள்: இரண்டு, ஒன்பது, மூன்று, மூன்று, ஒன்று, எட்டு, ஆறு, இரண்டு, ஐந்து, ஆறு, பூஜ்ஜியம், பூஜ்ஜியம்.