ஆம்பிஷன்: ஒரு சொல்லும் நம் பிள்ளைகளும்

(யூபிலி விழா பெற்றோர் - இளைஞர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



"உன் ஆம்பிஷன் என்ன?" என்று நம் பிள்ளைகளிடம் கேட்காதவர் இல்லை. டாக்டர், கலெக்டர் என்று அவர்களும் சொல்லப் பழகிவிடுகிறார்கள். நாம் ஆசையோடு கேட்கும் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று சற்றுச் சிந்திப்போம்.

இதன் தாய்மொழி இலத்தீன். 'ஆம்பி' என்றால் சுற்றி. 'ஈரே' என்றால் போதல். ஆக, சுற்றி வருதல் என்பதே முதற்பொருள். பண்டைய உரோமையில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் ஊர்ப் பொதுவெளியில் சுற்றிவந்து வாக்குக் கேட்டார்கள். சுண்ணம் தடவி வெளுத்த மேலாடை அணிந்தார்கள். அந்த வெண்மையிலிருந்து பிறந்ததே 'கேண்டிடேட்' என்னும் சொல். தேர்தல் காலத்தில் நம் வாசலுக்கு வரும் வெள்ளை வேட்டிகளை நினைத்தால் எளிதில் விளங்கும்.

சுற்றிவந்தவர்கள் நாளடைவில் பணமும் விருந்தும் கொடுத்து வாக்கு வாங்கினார்கள். அதைத் தடுக்கச் சட்டங்கள் வந்தன. கி.மு. 63இல் சிசரோ கொண்டுவந்த சட்டம் பத்தாண்டு நாடுகடத்தலைத் தண்டனையாக்கியது. ஆங்கிலத்திலும் இச்சொல் நெடுங்காலம் பதவிப் பித்தையே குறித்தது. நல்ல பொருள் பிறகு சேர்ந்தது.

நம் வள்ளுவரோ 'அவா அறுத்தல்' என்று ஓர் அதிகாரமும் 'ஊக்கமுடைமை' என்று இன்னோர் அதிகாரமும் வைத்தார். அறுக்க வேண்டியது வேறு, வளர்க்க வேண்டியது வேறு. நம் சிதறால் மலையைப் பாருங்கள். 9ஆம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த சமணத் துறவியர் அவாவை அறுக்க மலை ஏறியவர்கள். ஆயினும் அந்தப் பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்க எத்தனை ஊக்கம் வேண்டும்!

பக்கத்து வீட்டுப் பெண் வெளிநாட்டில் நர்ஸ் ஆகிவிட்டாள் என்பதற்காக நம் மகளையும் அதே படிப்பில் தள்ளுகிறோம். மதிப்பெண் குறைந்த பிள்ளை வீட்டுக்கு வரவே அஞ்சுகிறது. இது ஊக்கமா? நம் அவாவை அல்லவா பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டோம்!

யாக்கோபும் யோவானும் ஆண்டவரின் வலப்புறமும் இடப்புறமும் இடம் கேட்டார்கள். பெரியவராக விரும்புகிறவர் பணியாளராகட்டும் என்று அவர் வழிகாட்டினார்.

அவ்வழியில் நடந்தவர் நமக்கு அண்மையிலுள்ள நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பதவி போயிற்று. எருமை மீது ஏற்றி ஊர் ஊராகச் சுற்றிக் கொண்டுபோனார்கள். உரோமையர் பதவி தேடிச் சுற்றினார்கள். இவரோ பதவியை இழந்து சுற்றினார். 1752இல் காற்றாடிமலையில் சுடப்பட்டார். 2022 மே 15 அன்று திருச்சபை அவரைப் புனிதர் என அறிவித்தது.

ஆகவே இந்த யூபிலியில் கேள்வியைச் சற்று மாற்றுவோம். "நீ என்ன ஆகப்போகிறாய்?" என்பதோடு, "ஆகி, யாருக்கு உதவப்போகிறாய்?" என்றும் கேட்போம். பங்குப் பேரவைக்குப் பெயர் கொடுக்கும் பெரியவர்களும் இதைத் தங்களிடமே கேட்டுக்கொள்ளலாம். பிள்ளை பதில் சொல்லத் தாமதித்தால் பொறுத்திருப்போம். நல்ல பதில் ஒரே நாளில் விளைவதில்லை.