அகராதிக்காரரின் செவி



கிரிக்கெட் பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த சொல் 'அம்பயர்'. அந்தச் சொல் ஒரு பிழையில் பிறந்தது. பழைய பிரெஞ்சு மொழியில் 'நொன்பெர்' என்று ஒரு சொல் இருந்தது. இணை சேராதவர், அதாவது இரு தரப்பிலும் சேராமல் தனித்து நிற்கிற மூன்றாமவர் என்று பொருள். இங்கிலாந்துக்கு வந்தபோது அது 'நௌம்பர்' ஆனது. ஆங்கிலத்தில் 'ஒரு' என்பதற்கு 'அ' என்றும், உயிரெழுத்துக்கு முன்னால் 'அன்' என்றும் சொல்வார்கள் அல்லவா? 'அ நௌம்பர்' என்று ஒருவர் சொன்னதைக் கேட்டவர்கள் 'அன் அவும்பர்' என்று பிரித்துக்கொண்டார்கள். நகர ஒலி பக்கத்துச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டது. இன்று யாராவது அந்த நகரத்தைத் தேடிப் பிடித்துத் திரும்பச் சேர்த்துச் சொன்னால், அதைத்தான் பிழை என்போம்.

இதே பிழை எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. பட்டப்பெயரைக் குறிக்கும் 'நிக்நேம்' என்ற சொல்லுக்கு முதலில் நகரமே கிடையாது. 'ஈக்நேம்' என்றுதான் சொன்னார்கள். கூடுதல் பெயர் என்று பொருள். 'அன்' என்பதன் ஒற்று இந்தப் பக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. 'ஆரஞ்சு' என்ற சொல்லின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. நம் நார்த்தங்காயோடு உறவுடைய ஒரு திராவிடச் சொல் வடமொழிக்கும், பாரசீகத்துக்கும், அரபுக்கும் போய், ஸ்பெயினில் 'நாரஞ்ஹா' ஆயிற்று என்பது அறிஞர்களின் கருத்து. முதலில் இருக்கும் நகரம் இத்தாலியிலும் பிரான்சிலும் உதிர்ந்துவிட்டது. ஆங்கிலேயர் கைக்கு வந்து சேரும்போதே அது நகரம் இழந்த சொல்தான்.

பட்டாணியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் முன்பு 'பீஸ்' என்று ஒருமையாகவே இருந்தது. கடைசியில் வரும் ஸகரத்தைப் பன்மை விகுதி என்று நினைத்து வெட்டிவிட்டார்கள். செர்ரிப் பழத்தின் பெயருக்கும் இதே கதிதான். பறவையைக் குறிக்கும் 'பேர்ட்' பழைய ஆங்கிலத்தில் 'பிரிட்'. எழுத்து முன்பின்னாக மாறிய இத்தகைய சொற்களை நம் இலக்கணம் இலக்கணப் போலி என்று சொல்லி ஏற்றுக்கொள்கிறது. வழு என்று ஒன்றைச் சொல்லிவிட்டு, ஏற்கத்தக்க வழுவுக்கு வழுவமைதி என்று தனிப் பெயரும் வைத்த மரபு நம்முடையது. அதனால் இந்த விஷயத்தில் தமிழருக்குப் பெரிய அதிர்ச்சி இருக்கத் தேவையில்லை.

பிழை எப்படி வழக்காகிறது என்பதைக் காது கொடுத்துக் கேட்டு, நாள் குறித்து எழுதி வைப்பவர்கள் அகராதிக்காரர்கள். ஆங்கில அகராதிக்காரர்களின் அந்தக் கலையை நான் மிகவும் மதிக்கிறேன். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

அவர்கள் எடுத்த எடுப்பில் கேட்கத் தொடங்கிவிடவில்லை. மொழியை ஓர் இடத்தில் நிறுத்திவிடலாம் என்ற ஆசைதான் முதலில் இருந்தது. ஜோனதன் ஸ்விஃப்ட் 1712-இல் ஒரு திட்டம் எழுதினார். ஆங்கிலத்தைத் திருத்தி, நிலைப்படுத்த ஓர் அவை வேண்டும் என்றார். சொற்களைக் குறுக்கிப் பேசுவதை அவர் வெறுத்தார். கூட்டத்தைக் குறிக்கும் 'மாப்' என்ற சொல் ஒரு லத்தீன் தொடரின் வெட்டுத் துண்டு. அதையும் அவர் கண்டித்தார். அந்த அவை அமையவே இல்லை. 'மாப்' இன்று எந்த நாளிதழிலும் தயக்கமின்றி அச்சாகிறது. சாமுவேல் ஜான்சன் 1747-இல் தம் அகராதித் திட்டத்தை எழுதியபோது மொழியை நிலைநிறுத்தும் எண்ணத்தோடுதான் தொடங்கினார். 1755-இல் அகராதி வெளிவந்தபோது, முன்னுரையில் அந்த நம்பிக்கையைக் கைவிட்டுவிட்டதை வெளிப்படையாகச் சொன்னார். எட்டு ஆண்டுகள் சொற்களோடு வாழ்ந்த மனிதர் சொன்ன சொல் அது. அந்த நேர்மைக்காகவே ஜான்சனை எனக்குப் பிடிக்கும்.

நூறாண்டு கழித்து, 1857-இல், ரிச்சர்ட் செனவிக்ஸ் டிரெஞ்ச் லண்டன் மொழியியல் கழகத்தில் உரையாற்றினார். அகராதி எழுதுபவர் மொழியின் வரலாற்றாசிரியர். நல்ல சொல், கெட்ட சொல் என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை அல்ல என்றார். அந்த எண்ணத்திலிருந்து வளர்ந்ததுதான் ஆக்ஸ்போர்டு அகராதி. அதன் ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே 1879-இல் பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். நீங்கள் படிக்கிற புத்தகங்களில் சொற்கள் எப்படி வருகின்றன என்று பார்த்து, வாக்கியத்தோடும் ஆண்டோடும் சீட்டில் எழுதி அனுப்புங்கள் என்பதுதான் அது. சீட்டுகள் லட்சக்கணக்கில் வந்தன. முதல் பகுதி 1884-இல் வெளிவந்தது. முழு அகராதி முடிந்தது 1928-இல். மர்ரே 1915-இலேயே காலமாகிவிட்டார். ஒரு சொல்லின் பொருள் மாறியதா, எப்போது மாறியது, யார் எழுத்தில் மாறியது என்ற கேள்விக்கு அபிப்பிராயத்தை வைத்துப் பதில் சொல்லாமல் சான்றை வைத்துப் பதில் சொல்லும் வழக்கம் அந்தச் சீட்டுகளால் வேர்விட்டது.

அந்தச் சான்றுகளைப் புரட்டினால் கிடைக்கிற பெரிய வியப்பு 'யூ' என்ற சொல். நாம் பள்ளியில் முதன்முதலாகப் படித்த ஆங்கிலச் சொற்களில் ஒன்று. பழைய ஆங்கில மரபில் ஒருவரை 'நீ' என்று விளிக்க 'தௌ' இருந்தது. பலரை 'நீங்கள்' என்பதற்கு 'யீ'. 'யூ' என்பது 'உங்களை', 'உங்களுக்கு' என்ற இடத்தில் மட்டும் வர வேண்டிய சொல். ஆகவே இன்று ஒரே ஒருவரைப் பார்த்து 'யூ' என்று வாக்கியத்தைத் தொடங்கும்போது, பழைய கணக்குப்படி வேற்றுமையிலும் எண்ணிலும் இரண்டு பிழை செய்கிறோம். மரியாதைக்காக ஒருவரைப் பன்மையில் விளிக்கும் பழக்கம் பிரெஞ்சுச் செல்வாக்கில் மேட்டுக்குடியில் தொடங்கி மெல்லப் பரவியது. 'யீ'யும் 'யூ'வும் கலந்துபோயின. 'தௌ' வீட்டுக்குள்ளும் வழிபாட்டிலும் ஒதுங்கியது.

குவேக்கர் சமயத்தைத் தோற்றுவித்த ஜார்ஜ் ஃபாக்ஸ் இதைக் கடுமையாக எதிர்த்தார். ஒருவரைப் பன்மையில் விளிப்பது இலக்கணத்துக்கும் உண்மைக்கும் புறம்பு, வீண் முகஸ்துதி என்பது அவர் வாதம். 1660-இல் அவரும் தோழர்களும் இதற்காகவே பல மொழிகளிலிருந்து சான்று திரட்டி ஒரு தடித்த நூல் வெளியிட்டார்கள். குவேக்கர்கள் நீதிபதியைக்கூட 'தௌ' என்றே விளித்தார்கள். அதற்காக வசவும் அடியும் பட்டார்கள். இலக்கணம் அவர்கள் பக்கம் இருந்தது. ஆனால் ஊர் அவர்கள் பக்கம் வரவில்லை.

நம் பக்கத்திலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. 'அவர்' என்பது பலர்பால். ஒருவரை 'அவர்' என்பது முறைப்படி வழு. இது இலக்கண நெறிப்பட்டதன்று, வழக்கினால் வந்த உயர்சொல் என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் ஒதுக்கிவைத்துச் சொல்கிறது. ஒரே இடத்தில் இலக்கணத்தையும் காப்பாற்றி, மக்கள் பேச்சையும் மதித்த அந்த அறிவு ஃபாக்ஸுக்கு வாய்க்கவில்லை என்று எனக்குத் தோன்றும்.

கேட்கும் கலைக்குப் பெரிய சோதனை வந்தது அமெரிக்காவில், 1961-இல். பிலிப் கோவ் பதிப்பித்த வெப்ஸ்டர் மூன்றாம் சர்வதேச அகராதி, நாலரை லட்சம் சொற்களோடு வெளிவந்தது. 'இல்லை', 'அல்ல' என்ற பொருளுள்ள 'எய்ன்ட்' என்ற சொல்லுக்கு அதில் இருந்த விளக்கம் பெரும் புயலைக் கிளப்பியது. பலரும் அதை ஏற்பதில்லை, அதிகம் படிக்காதவர் பேச்சில் மிகுதி, இருந்தாலும் நாட்டின் பெரும்பகுதியில் படித்தவர்கள் பலரும் பேச்சில் சொல்கிறார்கள் என்பது அதன் சாரம். பதிப்பகத்தின் செய்திக்குறிப்பு முன்பாதியை விட்டுவிட்டது. செய்தித்தாள்களும் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டன. நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் எழுதிக் கண்டித்தது. டுவைட் மக்டோனல்ட் நியூயார்க்கர் இதழில் நீண்ட கட்டுரையில் சாடினார். கோவ் செய்தது பெரும்பாலும் சரி என்பதே என் எண்ணம். ஆனால் பேச்சு வழக்கு என்று எச்சரிக்கும் பழைய குறிப்பை அவர் அறவே நீக்கியது தவறு. வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிற ஒருவருக்கு, இந்தச் சொல்லை இங்கே எழுதினால் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பது தெரிய வேண்டும். அதுவும் மொழியைப் பற்றிய உண்மைகளில் ஒன்றுதானே?

அந்தச் சண்டையில் பிறந்த போட்டி அகராதிதான் 1969-இல் வந்த அமெரிக்கன் ஹெரிடேஜ். எழுத்தாளர், பத்திரிகை ஆசிரியர் என்று நூறு பேர் அளவில் ஒரு குழு வைத்து, சர்ச்சைக்குரிய பயன்பாடுகளுக்கு வாக்கெடுத்தார்கள். அதில் வந்த ஒரு சொல் 'ஹோப்ஃபுலி'. 'நம்பிக்கையோடு' என்ற பொருளுள்ள அதை, 'இப்படி நடக்கும் என்று நம்புவோம்' என்ற பொருளில் வாக்கியத்தின் தலையில் வைப்பது சரியா? 1960-களில் குழுவில் பாதிக்குச் சற்றுக் குறைந்தவர்கள் ஏற்றார்கள். 1980-களில் ஏற்பவர்கள் கூடியிருக்க வேண்டும் அல்லவா? குறைந்துதான் போனார்கள். பிழை வழக்காகும் பாதை நேர்க்கோடாக ஏறிப்போவதில்லை. அது பிழை என்று பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப எழுதியதால், முன்பு கவனிக்காதவர்களும் கூசத் தொடங்கினார்கள். கடைசியில் 2012-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தன் நடைக்கையேட்டில் அந்தப் பொருளை அனுமதித்தது.

எல்லா மாற்றத்தையும் நான் வரவேற்கிறேன் என்று நேயர்கள் எண்ண வேண்டாம். 'டிஸ்இன்ட்ரஸ்டட்' என்றால் தன்னலச் சார்பற்றவர், 'அன்இன்ட்ரஸ்டட்' என்றால் ஆர்வமில்லாதவர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். சார்பற்ற நீதிபதி வேண்டும், ஆர்வமற்ற நீதிபதி வேண்டாம். இந்த வேறுபாட்டுக்குத் தனித்தனிச் சொல் இருப்பது பெரிய வசதி. 17-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் முதல் சொல் ஆர்வமின்மையைத்தான் குறித்தது என்று ஆக்ஸ்போர்டு சான்றுகள் காட்டுகின்றன. அதாவது இன்றைய பிழைதான் பழைய பொருள். தெரிந்தும், என் எழுத்தில் அந்த வேறுபாட்டை விடமாட்டேன். சான்றைப் படித்துவிட்டுத் தேர்ந்தெடுப்பதற்கும் படிக்காமல் பிடிவாதம் பிடிப்பதற்கும் நிறைய தூரம் இருக்கிறது.

எல்லாப் பிழையும் கரையேறுவதும் இல்லை. இரட்டை எதிர்மறையை சாசரும் ஷேக்ஸ்பியரும் தாராளமாக எழுதினார்கள். இன்றும் கோடிக்கணக்கானோர் பேச்சில் இருக்கிறது. ஆனால் பள்ளி ஏற்காது. அதைச் சொல்பவர்கள் யார், அவர்களுக்குச் சமூகத்தில் என்ன இடம் என்பதும் ஒரு சொல்லின் தலையெழுத்தை எழுதிவிடுகிறது. ஏழையின் பேச்சில் இருந்தால் பிழை, பிரபுவின் பேச்சில் இருந்தால் நடை என்று தீர்ப்பான சொற்கள் பல. இது எனக்கு வருத்தம் தருகிற விஷயம். இரண்டு பேச்சையும் ஒரே கவனத்தோடு கேட்கிற அகராதிக்காரர்களும் உண்டு என்பதுதான் ஆறுதல். 'பொருட்படுத்தாமல்' என்ற பொருளில் வரும் 'இர்ரிகார்ட்லெஸ்' என்ற சொல் கரையேறாததற்கு வேறு காரணம். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அச்சில் இருக்கிறது, வெப்ஸ்டர் அகராதியில் 1934-இலிருந்து இருக்கிறது, இன்னும் தர வழக்கன்று என்ற குறிப்போடுதான் இருக்கிறது. 'ரிகார்ட்லெஸ்' என்ற சொல்லே அதன் வேலையைச் செய்துவிடுவதால் அதற்கென்று காலி இடம் இல்லை.

காலி இடம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டுச் சொல் ஒன்றே சாட்சி. கூட்டத்தைத் தள்ளிவைத்தால் 'போஸ்ட்போன்'. முன்னதாக நடத்தினால்? நம் அலுவலகங்களும் கல்லூரிகளும் 'ப்ரீபோன்' என்று சொல்லிக்கொண்டன. அப்படியொரு சொல்லே ஆங்கிலத்தில் இல்லை என்று சிவப்பு மையால் அடித்த ஆசிரியர்கள் உண்டு. இன்று ஆக்ஸ்போர்டு அகராதியில் இந்திய ஆங்கிலம் என்ற குறிப்போடு அது இடம்பெற்றிருக்கிறது. லண்டனில் ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதும்போது அந்தக் குறிப்பை நினைவில் வையுங்கள். சென்னையில் எழுதும்போது கூசாமல் எழுதுங்கள்.